ஒரே பந்தியில் இருந்தவர்கள்

எங்கட பிள்ளையளுக்கு நான் அடிக்கடி சொல்லும் பெயர் ஹன்டி பேரின்பநாயகம் (1899–1977). 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசைத் தொடங்கிய இளைஞருள் முதன்மையானவர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் இந்தக் காங்கிரசே. பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை நிலத்தில் இருத்திய காலம் அது. தீண்டாமை ஒழிய வேண்டுமெனத் தீர்மானம் போட்ட இவ்விளைஞர்கள், சாதி பாராமல் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டுக் காட்டினார்கள். ஆங்கில உடையே மதிப்பென்றிருந்த நாளில் ஹன்டி தேசிய உடை உடுத்தார். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராகவும் விளங்கினார்.

மான்மவுத் ஜங்ஷனில் சித்திரை விருந்துக்கு நாமும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால், "ஊரிலை எவடம்?" எண்டு கேட்டுச் சாதி துருவுறதை விட்டிட்டமா? பிள்ளையள் பாத்துக்கொண்டுதான் இருக்கினம். பெரியவர்களே, முதலில் நாம் விடுவோம்.