மணலெழுத்தும் பழவேற்காட்டு மாணாக்கரும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் மீன்பிடி உரிமை, 'பாடு' என்னும் பழைய முறைவைப்பின்வழி வரையறுக்கப்படுகின்றது. தந்தையின் முறை வரும் நாளில் மகனும் படகேறின் பள்ளிப்பாடம் விட்டுப்போம். இவ்வாறு இடையறவுபட்டு, ஆறாம் வகுப்பை எய்தியும் எழுத்துக் கூட்டி வாசிக்க இடர்ப்படும் மாணாக்கனுக்கு எங்ஙனம் கற்பிப்பது? சென்னையில் நிகழ்ந்த பழைய நிகழ்ச்சியொன்று ஈண்டு நினைக்கத்தக்கது.

1789இல் எழும்பூரில், படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென அமைந்த இல்லத்தின் மேற்பார்வையை ஆண்ட்ரு பெல் என்பார் ஏற்றார். ஒருநாள் அவர் 'மலபார்' பள்ளியொன்றில் சிறார் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழையே மலபார் என வழங்கினராதலின், அவர் கண்டது நம் திண்ணைப்பள்ளியே எனக் கொள்வதில் தடையில்லை. அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றபோது துணையாசிரியர் இசைந்து வரவில்லை. பெல், பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று. 1797இல் இலண்டனில் வெளிவந்த பெல்லின் நூலால் இது 'சென்னை முறை' எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவிற்று.

பரவிய இடத்தில் பலரும் போற்றியது அதன் செலவுச் சுருக்கத்தையே. ஓராசிரியர் நூற்றுக்கணக்கானோரை மேய்க்கலாம் என மகிழ்ந்தனர். யாம் போற்றுவது அதுவன்று. பெல் மாணாக்கரை வயதால் வகுக்காது தேர்ச்சியால் வகுத்தார். கற்பிப்போனும் கற்பித்தலால் தேர்ச்சி பெறுவான் என்பதை உணர்ந்தார். நம் சட்டாம்பிள்ளை வழக்கத்தின் உட்பொருளும் இதுவே.

இதனால் பழங்காலம் பொற்காலம் என்பார்க்கு யாம் உடம்படுகின்றோமில்லை. மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி, சென்னை மாகாணத்து 12,498 பள்ளிகளில் பயின்ற 1,88,650 பேருள் பெண்பாலார் 4,540 பேரே. திண்ணை எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. எனினும் முறையின் நன்மை வேறு, அதனை ஆண்டோரின் குறை வேறு.

பன்னிரண்டு வயதினனை அரிச்சுவடிக்கு மீட்டும் அழைப்பின் அவன் நாணுவான். நாணமே அவனைப் பள்ளியினின்றும் ஏரிக்கு ஓட்டும். அவனையே முதல் வகுப்புச் சிறார்க்குச் சட்டாம்பிள்ளை ஆக்குக. 'வலை', 'இறால்', 'மடவை', 'துடுப்பு' எனத் தான் நாளும் கையாளும் பொருள்களின் பெயரை அவன் அவர்களுக்கு மணலில் எழுதிக் காட்டட்டும். பிழைபடின் மணலைத் தடவி மீண்டும் எழுதலாம். தாளில் விழுந்த சிவப்புக் கோட்டை அங்ஙனம் அழித்தல் இயலாது.