அழாத குழந்தை

பிறர் வீட்டுக்கு வந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டால், பழகிவிட்டது என்று மகிழ்வது பெரியோர் வழக்கம். அந்த அமைதிக்கு வேறு பொருளும் உண்டு என்பதைப் போர்க்காலம் உணர்த்திற்று.

1939 செப்டம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரிட்டிஷ் நகரங்களிலிருந்து லட்சக்கணக்கான சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து அயலார் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். அப்போரின்போது லண்டனில் ஆன்னா பிராய்டு நடத்திய குழந்தை இல்லத்தில், கொதிகலனைக் கவனிக்கும் ஊழியராகச் சேர்ந்தார் ஜேம்ஸ் ராபர்ட்ஸன். பின்னர், தாயைப் பிரிந்த மழலைகளைப் பல்லாண்டு கூர்ந்து நோக்கி, அவர் மூன்று நிலைகளைக் கண்டார்: முதலில் எதிர்ப்பு, அடுத்து நம்பிக்கையிழப்பு, இறுதியில் பற்றறுதல். மூன்றாம் நிலையில் குழந்தை அழுவதில்லை, உண்ணும், சிரிக்கும். ஆனால் தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அவரும் மனைவி ஜாய்ஸும் 1969இல் எடுத்த 'ஜான்' என்னும் படம், 17 மாதக் குழந்தையொன்று காப்பகத்தில் 9 நாள் பட்ட பாட்டைக் காட்டிற்று. அத்தம்பதியர் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணிய குழந்தைகளோ அவ்வளவு குலையவில்லை. அங்கே கவனிப்பவர் மாறவில்லை. தாயைப் பற்றிய பேச்சும் மறைக்கப்படவில்லை.

நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு இந்து சுவீகாரச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, சுவீகார நாள்முதல் பிறந்த குடும்பத்தின் தொடர்பு அற்றதாகக் கொள்கிறது. மனத்துக்கு அத்தகைய தேதி கிடையாது. மொழி வேறான ஊரில் குடியேறிய நேயர்கள் இதை எளிதில் உணர்வர்: புது ஊரை நேசிக்கப் பழைய ஊரை மறக்க வேண்டியதில்லை. வந்த குழந்தையும் பழையவரை நினைத்து அழட்டும். அது நன்றியின்மை அன்று. அருகிருந்து அவ்வழுகையைக் கேட்பவரே அதற்குப் பெற்றோர் ஆகின்றனர்.