பூனைக்குட்டி கேட்கும் பிள்ளையும் "சரி" சொல்லும் வாப்பாவும்

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. "வாப்பா, எல்லார் வீட்டுலயும் பூனை இருக்கு. எனக்கும் வாங்கித் தாங்க வாப்பா." வளைகுடாவில் இருக்கும் வாப்பா, வீடியோ காலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடுவார். உம்மா முதலில் மறுப்பார். பிறகு, "பிள்ளை போனைக் கீழே வைத்தால் போதும்" என்று இறங்கி வருவார். அடுத்த வாரம் வெள்ளை வெளேரென்று ஒரு பெர்ஷியன் குட்டி வந்து சேரும்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. பள்ளி திறந்ததும் பிள்ளைக்குப் பூனையின் நினைவு குறைந்தது. மணல் தட்டைச் சுத்தம் செய்வது, முடி வாருவது, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் உம்மாவின் தலையில் விழுந்தன. ஏழாம் மாதத்தில் அந்தப் பூனையை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார்கள். "அங்கே அது பசியில்லாமல் இருக்கும் என்றுதான் விட்டோம்" என்றார்கள். அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்ல. பூனை வாங்கியதற்கான காரணம் தீர்ந்துவிட்டது. பூனையின் ஆயுள் தீரவில்லை. வீட்டுக்குள் நன்றாகப் பராமரிக்கப்படும் பூனை 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். பத்து வயதுப் பிள்ளைக்காக இன்று வாங்கும் குட்டி, அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும்.

வாயில்லா ஜீவன்களை வளர்க்கலாமா கூடாதா என்றுதான் நாம் பெரும்பாலும் கேட்கிறோம். எதற்காக வளர்க்கிறோம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. மார்க்கமோ அந்தக் கேள்வியை மிகவும் கவனித்திருக்கிறது. அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும், புகாரியில் இடம்பெறும் நபிமொழி ஒன்று குதிரை வளர்ப்போரை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அல்லாஹ்வின் பாதைக்காக வளர்ப்பவருக்கு அது நன்மை. பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக வளர்த்து, அதில் அல்லாஹ்வுக்குரிய கடமையையும் மறக்காதவருக்கு அது ஒரு மறைப்பு. பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் பகைமைக்காகவும் வளர்ப்பவருக்கு அது பாவச்சுமை. மூன்று இடத்திலும் குதிரை ஒன்றுதான்.

நாய் விஷயமும் இப்படியே. வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகிய தேவைகள் இல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையில் தினமும் ஒரு கீராத் குறையும் என்று ஓர் அறிவிப்பிலும், இரண்டு கீராத் என்று இன்னோர் அறிவிப்பிலும் வந்துள்ளது. வீட்டுக் காவலையும் இந்த விதிவிலக்கில் சேர்க்கலாம் என இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் கருதியிருக்கிறார்கள். ஆனால் சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்ளும் பொமரேனியனைக் காட்டி, "காவலுக்குத்தான் பாய்" என்று சொல்பவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த நாய் எதைக் காக்கிறது என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

சொல்லப்படும் காரணங்கள்

பிள்ளையின் பிடிவாதம் முதல் காரணம். இதற்குக் கௌரவமான இன்னொரு பெயரும் உண்டு: பிள்ளைக்குப் பொறுப்பு வரும். பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். பூனையிடம் விட்டாலே பொறுப்பு வந்துவிடும் என்று நினைப்பது, சைக்கிளை வாங்கிக் கொடுத்தால் சாலை விதிகள் தெரிந்துவிடும் என்று நினைப்பது போன்றது.

பிள்ளைகள் பறவை வைத்துக்கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர், சிறு பையன். விளையாட ஒரு சிட்டுக்குருவி வைத்திருந்தார். அது இறந்தபோது, வாடிப்போன அந்தப் பையனிடம் குருவியைப் பற்றி விசாரித்து, அவரைப் பெரிய மனிதரைப் போல மதித்துப் பேசினார்கள் நபி (ஸல்) அவர்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து ஒரு சிறு நூலே எழுதினார் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்). அந்தக் குருவி பிள்ளையின் மனத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்று அறிந்திருந்த பெரியவர்கள் அந்த வீட்டைச் சுற்றி இருந்தார்கள் என்பதே நமக்கு முதலில் படுகிறது.

அடுத்தது பகட்டு. ரீல்ஸில் ஓர் இனம் பிரபலமானால் அடுத்த மாதம் கடைகளில் அதற்கு விலை ஏறும். 2003-இல் ஹட்ச் கைபேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பின் நாடெங்கும் பக் நாய்க்கு ஆள் தேடி அலைந்தார்கள். தட்டை மூக்கால் சரியாக மூச்சுவிட முடியாமல், நம் வெயிலில் திணறும் இனம் அது. விளம்பரத்தில் அந்தத் திணறல் தெரியாது. பெர்ஷியன் பூனைக்கும் அதே தட்டை முகம்தான். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். நாள்தோறும் துடைக்க வேண்டும். முடியைத் தினமும் வாராவிட்டால் சடைபிடித்துத் தோல் புண்ணாகும். பரம்பரையாக வரும் சிறுநீரக நோயும் இந்த இனத்தில் அதிகம்.

மூன்றாவது, தனிமை. கணவர் சஃபரில், பிள்ளைகள் ஹாஸ்டலில். நாள் முழுக்கப் பேச ஆளில்லாத பெண்களும், மனைவியை இழந்த பெரியவர்களும் பூனை வைத்துக்கொள்வதை நாம் குறை சொல்ல மாட்டோம். பல வீடுகளில் அது உண்மையான ஆறுதல். ஆனால் வீட்டுக்குள் மனிதர்கள் கொடுக்க வேண்டிய நேரத்துக்குப் பதிலாகப் பூனையைக் கொடுத்து அனுப்புவது வேறு. உம்மா தனியாக இருக்கிறார் என்று துபாயிலிருந்து பூனைக்குப் பணம் அனுப்பிய மகன், தினமும் பத்து நிமிடம் பேசியிருக்கலாம்.

நான்காவது காரணம், சுன்னத் என்ற பெயரில் வருகிறது. நபி (ஸல்) அவர்களுக்கு முஅஸ்ஸா என்றொரு பூனை இருந்தது, அது தூங்கும்போது எழுப்ப மனமில்லாமல் தம் சட்டைக் கையை வெட்டினார்கள் என்ற கதை வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றுகிறது. ஹதீஸ் தொகுப்புகளில் இதற்கு ஆதாரம் கிடையாது. இதைப் போன்ற நிகழ்ச்சி பிற்காலத்தவரான அஹ்மத் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றித்தான் சொல்லப்படுகிறது. பூனையைப் பற்றி ஆதாரமாக வந்திருப்பது வேறு செய்தி. தமக்கு உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள் அபூகதாதா (ரலி). பூனை அசுத்தமானதல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபியவர்கள் சொன்னதாகவும் அறிவித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது இருக்கிறது. வீட்டைச் சுற்றி வந்து போகும் பூனையை விரட்டாமல் தண்ணீர் கொடுப்பதற்கு இதில் வழி இருக்கிறது. கடையில் பல ஆயிரம் கொடுத்து வாங்குவது சுன்னத் என்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

சொல்லப்போனால், பூனையை விற்கும் பணத்தைப் பற்றியே கருத்து வேறுபாடு இருக்கிறது. நாய், பூனை ஆகியவற்றின் விலையை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது முஸ்லிமில் உள்ளது. பெரும்பாலான அறிஞர்கள் வீட்டுப் பூனையை விற்பதை அனுமதித்து, இதற்கு வேறு விளக்கம் தருகிறார்கள். இப்னு ஹஸ்ம், இப்னுல் கய்யிம் போன்றோர் கூடாது என்கிறார்கள். தெருவில் தாயை இழந்த நாட்டுப் பூனைக்குட்டியை எடுத்து வளர்ப்பவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. நம் வெயிலையும் அது தாங்கும்.

கடைக்காரர் சொல்லாதவை

குட்டி எட்டு வாரமாவது தாயிடம் இருக்க வேண்டும். அதற்கு முன் பிரிக்கப்பட்ட குட்டிகள் கடிப்பதும் நோய்வாய்ப்படுவதும் அதிகம். "ஒரு மாதக் குட்டி, கையிலேயே பழகிவிடும்" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். பூனை இறைச்சி தின்னும் பிராணி. தயிர்ச்சோறும் பாலும் போட்டு வளர்க்க முடியாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு அதன் இரத்தத்தைக் கெடுக்கும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடலாம். தெரியாமல் பாதி மாத்திரை கொடுத்தவர்கள் உண்டு.

தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். ரேபிஸ் நாயால்தான் பெரும்பாலும் பரவுகிறது என்றாலும் பூனையாலும் வரும். கடித்தாலோ நகம் பட்டு இரத்தம் வந்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், பூனை வைத்திருக்கும் வீட்டில் அவர் சில மணி நேரம் இருந்து பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஒவ்வாமையைத் தருவது முடி மட்டுமல்ல, பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். கர்ப்பிணிகள் மணல் தட்டைத் தொடாமல் இருப்பது நல்லது. வேறு ஒருவர் அதைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 65 நாட்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. ஒரு குட்டி கேட்ட வீட்டில் ஒரே ஆண்டில் எட்டுப் பத்துக் குட்டிகள். கருத்தடை அறுவைதான் வழி என்பார் மருத்துவர். இங்கே நம் வீடுகளுக்கு இன்னொரு கேள்வி வருகிறது. ஹனஃபி மத்ஹபில் பயன் கருதி, அல்லது தீங்கைத் தடுக்க இதை அனுமதிக்கிறார்கள். ஷாஃபிஈ நூல்களிலோ உண்ண அனுமதியில்லாத பிராணிக்கு விதை நீக்குவது கூடாது என்று வந்துள்ளது. தற்கால அறிஞர்களில் சிலர் தேவையைக் கருதி அனுமதிக்கிறார்கள். உதிர்ந்த பூனை முடியும் அப்படித்தான். ஹனஃபிகளிடம் அது சுத்தமானது. ஷாஃபிஈகளிடம் நஜீஸ், கொஞ்சமாக இருந்தால் மன்னிக்கப்படும். முஸல்லாவிலும் புர்காவிலும் பெர்ஷியன் முடி அப்பிக் கிடக்கும் வீட்டில் இது தினசரிப் பிரச்சினை. உங்கள் ஊர் ஆலிமிடம் குட்டி வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும்

நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ராத்தா வீட்டில் முப்பது வருடமாகக் கிளி இருந்தது என்பது சட்டத்துக்கு முன் நிற்காது. அதிர்ஷ்டம், பரக்கத் என்று சொல்லி வைக்கப்படும் நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம். 2019-இல் பன்னாட்டு வணிகமும் முற்றாகத் தடுக்கப்பட்டது. ஆமையால் பரக்கத் வரும் என்ற நம்பிக்கைக்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கூண்டிலேயே வளர்ந்த கிளியை மொட்டை மாடியில் திறந்துவிட்டால் அன்று மாலைக்குள் காக்கை கொத்திவிடும்.

விட்டுவிடுவது பற்றி

பூனையை அடைத்து வைத்த பெண்ணின் ஹதீஸ் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியின் புழுபூச்சிகளைத் தின்ன விடவுமில்லை. அதனால் தண்டனைக்கு ஆளானாள். இதைக் கேட்ட சிலர், அவிழ்த்து விட்டுவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று புரிந்துகொள்கிறார்கள். மீன் மார்க்கெட்டில் விட்ட குடும்பமும் அப்படித்தான் புரிந்துகொண்டது. வேட்டையாடக் கற்காத, நீள முடிப் பூனை தெருவில் எதைத் தின்னும்? அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அதை ஒண்ட விடாது, நாய்கள் துரத்தும். கதவு திறந்திருக்கிறது என்பதைத் தவிர, அந்தப் பெண் செய்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு நமக்குத் தெரியவில்லை. நாட்டுச் சட்டத்திலும், பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி பிராணியைக் கைவிடுவது 1960 முதல் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. ஒரு சிறு பொட்டலம் பூனைத் தீனியின் விலைதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு வைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உறவிலும் தெருவிலும் சொல்லி வையுங்கள். உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பூனை தேடி வருபவர்கள் அவருக்குத் தெரிந்திருப்பார்கள். கொடுக்கும்போது அதன் நோயையும் கெட்ட பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், தடுப்பூசிச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். குடும்பத்தோடு வளைகுடாவுக்குப் போவதாக இருந்தால் மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, இறக்குமதி அனுமதி என்று வேலை இருக்கிறது. விசா வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வழி சொல்வோம். பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது அவர்களின் பூனையை இரண்டு வாரம் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் தட்டைப் பிள்ளையே சுத்தம் செய்யட்டும். பதினைந்தாவது நாள், பூனை வேண்டுமா என்று பிள்ளையிடம் மறுபடி கேளுங்கள்.