ஆளிருக்கும் ஊர்

எங்கள் முள்ளிப்பட்டில் குழித்தறியில் பட்டு நெய்யும் மாமா ஒருவர் உண்டு. வெளியூர்க்காரர்கள் வந்து தறியைப் படம் பிடித்துக்கொண்டு போனால், "தறியைப் பார்த்தான், குழிக்குள்ளே மரத்துப்போன என் காலை எவன் பார்த்தான்?" என்பார். தனுஷ்கோடிக்குப் போனபோது அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது.

ஒரு காலத்தில் தனுஷ்கோடி நல்ல துறைமுகம். சென்னையில் போட் மெயில் ஏறியவர்கள் பாம்பன் பாலத்தைக் கடந்து, அங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போவார்கள். ஸ்டேஷன், தபாலாபீஸ், மாதா கோயில் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலும் கடலும் கைகோத்து வந்தன. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனை எட்டுமுன்பே நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு அலைக்கு இரையாயிற்று. சேதமடைந்த பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்கள். ஊரைச் செப்பனிடவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது.

அந்தத் தகுதியற்ற இடத்தில்தான் மீனவர்கள் மறுபடியும் குடிசை போட்டார்கள். அவர்களுடைய கடல் அங்கேதானே இருக்கிறது! மணலைக் கையால் தோண்டி, ஊறிய நீரைக் குடித்தார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை வந்தது. சாலையோடு நாமும் கூட்டம் கூட்டமாய்ப் போகத் தொடங்கினோம்.

இடிந்த மாதா கோயிலின் அருகே கிழவி ஒருத்தி சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்தாள். புயலன்று சிறுமியாம். நான் மெல்லக் கேட்டேன்:

"நாங்கள் இப்படி வேடிக்கை பார்க்க வருவதில் உங்களுக்குக் கோபமில்லையா, பாட்டி?"

"கோவிச்சுக்கிட்டா மாலையை யாரு வாங்குறது, தம்பி? வரட்டும், பாக்கட்டும். ஆனா, 'பேய் ஊரு, பேய் ஊரு'ன்னு சொல்லிட்டுப் போறாங்களே, அதுதான் பொறுக்கல. எங்களைப் பாத்தா பேய் மாதிரியா இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வருகிறவர்களால் அவளுக்கு நாலு காசு கிடைக்கிறது. அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் ஆளில்லாத ஊர் என்று நாம் சொல்லச் சொல்ல, அங்கே இருக்கிறவர்கள் தண்ணீரும் விளக்கும் கேட்டால் யார் காதில் விழும்? பேய்க்கு எதற்குக் குழாய்?

இந்தக் கட்டுரைக்கு, 'பேய் ஊரில் ஒரு பகல்' என்று தலைப்பு யோசித்து வைத்திருந்தேன். அதை அங்கேயே அடித்துவிட்டேன்.

ஊர் திரும்பி மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தவர், "அங்கே எத்தனை குடும்பம் இருக்கு?" என்றார்.

நின்றுபோனேன். இடிந்த கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். குடிசைகளை எண்ணவில்லை.