ரெட்டினாய்டு

முகப்பருவுக்குத் தோல் மருத்துவர் எழுதித் தரும் களிம்பின் வகைப்பெயர், கண்ணிலிருந்து வந்தது. லத்தீனில் 'ரேட்டே' என்றால் வலை. அதிலிருந்து ரெட்டினா, அதாவது நம் விழித்திரை. 1930களில் விஞ்ஞானி ஜார்ஜ் வால்டு விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். அந்த உறவால்தான் அதற்கு ரெட்டினால் என்ற பெயர் நிலைத்தது. 'போன்றது' எனப் பொருள்படும் கிரேக்க விகுதி சேர்ந்து ரெட்டினாய்டு ஆனது. இயற்கையில் கிடைப்பவை, ஆய்வகத்தில் செய்தவை இரண்டையும் அது குறிக்கும்.

தோல் செல்கள் முறையாக முதிர்ந்து உதிர இவை உதவுகின்றன. சாதாரணப் பருவுக்கு அடாபலீன் பூச்சு; சொரியாசிஸ் முற்றினால் அசிட்ரெட்டின். கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்கிவிடும்; சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உதடு காய்ந்து வெடிக்கும். மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்கும் மருந்தல்ல இது. கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் வரலாம். அசிட்ரெட்டினை நிறுத்திய பின்னும் குறைந்தது 3 ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது.