ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு

ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு, அறிவியல் துறைகளில் பெரும்பாலும் ஊதியத்துடன் கூடிய பணியாகவே அமைகின்றது. கட்டணம் செலுத்திச் சேரும் படிப்பு என்பதை விட, ஓர் ஆய்வுக்குழுவில் குறித்த காலத்துக்கு அமர்த்தப்படும் வேலை என்று இதனைக் கொள்வதே பொருந்தும். இந்தியாவின் நெட், கேட் போன்ற நாடளாவிய தகுதித் தேர்வு எதுவும் இதற்கு இல்லை.

இடம் தேடும் வழிகள்

மரபான வழியில், நெறிப்படுத்த இசையும் பேராசிரியரை மாணவரே தேடிக் கண்டடைய வேண்டும். அவரை ஜெர்மன் மொழியில் டோக்டர்ஃபாட்டர், அதாவது முனைவர் பட்டத் தந்தை, என்பர், பெண்ணாயின் டோக்டர்முட்டர். இதற்குப் பொதுவான கடைசி நாள் கிடையாது. ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கிடைக்கும்போது இடம் உருவாகின்றது. விளம்பரம் வராமலே நிரம்பும் இடங்களும் உண்டு. எனவே பேராசிரியரின் அண்மைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, தமது முதுநிலை ஆய்வு அவற்றோடு எங்கு பொருந்துகின்றது எனக் காட்டும் சுருக்கமான மடலே பயன் தரும். ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்புவது வீண்.

மற்றொன்று கட்டமைக்கப்பட்ட வழி. மாக்ஸ் பிளாங்க் கழகம் 2000 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து நடத்தும் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகள் இவ்வகையின. இவற்றுக்குக் கடைசி நாளும் நேர்முகத் தேர்வும் உண்டு. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் தாமே பட்டம் வழங்குவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தாலும், பல்கலைக்கழகப் புலம் ஒன்று மாணவரைத் தனியே ஏற்றாக வேண்டும். வெளிநாட்டு முதுநிலைப் பட்டம் செல்லுமா என்பதை அப்புலத்தின் விதிகளே தீர்மானிக்கும். பயணத்துக்கு முன்பே இதனைக் கேட்டறிவது நன்று.

ஊதியம்

பல்கலைக்கழகப் பணியிடங்களுக்கு மாநிலப் பொதுப்பணி ஊதிய அட்டவணையின் 13 ஆம் நிலை பொருந்தும். விளம்பரத்தில் 50% அல்லது 65% என்றிருந்தால், முழு ஊதியத்தில் அப்பங்கே கிடைக்கும். ஆய்வுகூடத்தில் கழியும் நேரம் அவ்வாறு குறைவதில்லை! பொறியியல், கணினியியல் துறைகளில் முழு ஊதியம் பரவலாக உண்டு. உதவித்தொகை பெறுவோருக்கு, பணி ஒப்பந்தம் உள்ளோரைப் போல ஓய்வூதிய, வேலையிழப்புக் காப்பீடுகள் சேர்வதில்லை. இக்குறை நெடுங்காலம் பேசப்பட்டது. 2015 இல் மாக்ஸ் பிளாங்க் கழகம் புதிய முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகையை விடுத்து ஒப்பந்த முறைக்கு மாறியது.

பட்டத்துக்குப் பின்

2007 ஆம் ஆண்டுச் சட்டம், தற்காலிக ஒப்பந்தங்களுக்குப் பட்டத்துக்கு முன் 6 ஆண்டுகள், பின் 6 ஆண்டுகள் என வரம்பு வகுத்தது. மருத்துவத்தில் பிந்தையது 9 ஆண்டுகள். குழந்தை வளர்ப்போருக்கு ஒரு குழந்தைக்கு 2 ஆண்டுகள் நீட்டிப்புண்டு. வெளிநிதித் திட்டங்களில் வரம்பைத் தாண்டியும் ஒப்பந்தம் செய்ய இயலும். நிரந்தரப் பணியிடங்களோ பேராசிரியர் பதவிக்குக் கீழே மிகச் சில. இச்சட்டத்தை விளக்க அரசு வெளியிட்ட காணொளியில் ஹன்னா என்ற கற்பனை ஆய்வாளர் இடம்பெற்றார். 2021 இல் ஆய்வாளர்கள் பலர் "நானே ஹன்னா" என இணையத்தில் தம் நிலையை எழுதி எதிர்ப்புத் தெரிவித்தனர்.

வெளிநாட்டு முனைவர்கள் பலர் அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட் அறக்கட்டளையின் ஆய்வு நல்கை மூலம் இங்கு வருகின்றனர். பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்கு மிகாதோர் முதுமுனைவர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்கும் வரவேற்கும் பேராசிரியரை விண்ணப்பதாரரே முதலில் தேடிக்கொள்ள வேண்டும்.