அட்டைப்படத்து மங்கையர்

போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் கேரளம் தொடங்குகிறது. அப்பால் பூப்பாறை, மூணாறு என விரியும் ஏல, தேயிலைத் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். பிறந்த ஊரை நீங்கியோரைத் தாய்மொழியோடு பிணைத்த கயிறுகளுள் வார இதழும் ஒன்று. அத்தகைய இதழ்களில் மீண்டும் மீண்டும் தோன்றிய பெண்ணுருவங்களின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அமெரிக்காவில் 1947-ஆம் ஆண்டு ஜோ சைமன், ஜாக் கிர்பி என்னும் இருவர் ‘யங் ரொமான்ஸ்’ என்ற காதல் சித்திரக்கதை இதழைத் தொடங்கினர். அதன் வெற்றியைக் கண்டு அவ்வகை இதழ்கள் பல பெருகின. கலங்கிய கண்களுடன் ஒருத்தி. சற்றுத் தொலைவில் அவள் காதலனும் வேறொருத்தியும். இது அவ்வட்டைகளின் வாடிக்கையான காட்சி. இதழுக்கு இதழ் பெண் மாறுவாள். முகமோ ஏறத்தாழ ஒன்றே. ஒருத்தியை மற்றொருத்தியிடமிருந்து பிரித்தறிய வேண்டிய தேவை வாசகருக்கு இல்லை.

தமிழ்த் தொடர்கதையின் நிலை வேறு. 1950-இல் ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது அதற்குச் சித்திரம் தீட்டியவர் மணியம். குந்தவை, நந்தினி, வானதி, பூங்குழலி ஆகியோர் ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் வந்தாக வேண்டும். வாசகரும் கண்டவுடன் இன்னாள் என்று அறிதல் வேண்டும். இதற்குக் கூந்தலே துணை நின்றது. நந்தினிக்கு ஆண்டாள் கொண்டை. குந்தவைக்கு மகுடம்போல் உயர்த்திக் கட்டிய முடி. ஆசிரியர் எழுத்தால் வகுத்ததை ஓவியர் கோட்டினால் நிலைநாட்டினார். இவ்வாறே கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆனந்த விகடனில் வெளிவந்தபோது, மோகனாவுக்கு முகம் தந்தவர் கோபுலு. 1968-இல் பத்மினி திரையில் தோன்றுமுன்பே மோகனாவைத் தமிழர் கண்டிருந்தனர். பெயரும் குணமும் உடைய பெண்ணாக அவளை அறிந்திருந்தனர் என்பதே இதன் சிறப்பு.

ஆயின் ஒரு குறையும் உண்டு. இளவரசிக்கும் நாட்டியத் தாரகைக்கும் கிடைத்த இடம், கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு எளிதில் கிட்டவில்லை. அவள் படத்தில் வந்தாலும், பசுமைக்கு நடுவே கூடை சுமந்த பெயரற்ற உருவமாகவே பெரும்பாலும் வந்தாள். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனசும் கூலியும் கேட்டு, ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அன்று செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் அவர்தம் முகங்கள் இடம்பெற்றன. அவற்றை எந்த ஓவியரும் கற்பனையால் தீட்டவில்லை.

தொடர்கதையைக் கிழித்தெடுத்துக் கட்டடம் செய்து வைப்பது நம் இல்லங்களின் பழைய வழக்கம். அதில் கதை பிழைத்தது. அட்டை பெரும்பாலும் குப்பைக்குப் போயிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகக் காக்கப்படுகின்றன. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களே! உங்கள் பழைய பெட்டியிலும் ஓர் இதழ் இருக்கக்கூடும். அதனை அட்டையோடு காத்து வையுங்கள். எவர் முகம் வரையப்பட்டது, எவர் முகம் விடுபட்டது என்பதற்கு அதுவே சான்று.